பிடித்தபின் விடுதல் கருணையாகுமா?

உயிரை எடுப்பவனிடம் “ஏன் எடுத்தாய்?” என்று சமயமும் சமூகமும் சட்டமும் காலந்தோறும் வினவி வந்துள்ளன. உணவுக்காக எடுத்தேன், தற்காப்புக்காக எடுத்தேன், வேள்விக்காக எடுத்தேன் என அவனும் ஏதோவொரு விடையைக் கூறியே வந்துள்ளான். ஆனால் பிடித்த உயிரை எடுக்காது விட்டுவிடுபவனிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. விட்டுவிட்டான் என்பதே அவனது நற்குணத்துக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் ஏற்புடையது என ஆராய்வதற்கு வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் நிகழும் ஒரு பொழுதுபோக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகின்றது.

அங்கே ‘கயாக்’ எனப்படும் ஒடுங்கிய சிறு தோணியில் ஒருவர் தனியே அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பினால் ஓசையின்றி நீரைத் தள்ளிச் செல்கின்றார். அவர் தேடுவது ‘ரைகர் மஸ்கி’ என்னும் பெருமீன். நாட்கணக்காகத் தூண்டில் வீசியும் ஒரு மீன்கூட அகப்படாதிருத்தல் இத்துறையில் வழமையானது. அகப்பட்ட மீனையோ அவர் உண்பதில்லை, விற்பதுமில்லை. நீளத்தை அளந்து, ஒரு புகைப்படம் எடுத்து, மீண்டும் ஏரியிலேயே விட்டுவிடுகின்றார். மீன் ஆழத்துக்குச் செல்வதைக் கண்ட பின்னரே மனநிறைவோடு துடுப்பைக் கையிலெடுக்கின்றார். இச்செயலில் கருணை உண்டா என்பதே இங்கு எழும் வினா.

வினாவை அணுகுமுன் அம்மீனின் இயல்பை அறிந்துகொள்ளல் அவசியமாகும். ரைகர் மஸ்கி தனியோர் இனமன்று. மஸ்கெலஞ், நோர்தேண் பைக் என்னும் இரு வேட்டைமீன் இனங்களின் கலப்பினாற் பிறப்பது. வெளிறிய உடலில் மேலிருந்து கீழாக ஓடும் கரிய வரிகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. இவ்விரு இனங்களும் கூடிவாழும் ஏரிகளில் அரிதாக இயற்கையாகவே அது தோன்றுவதுண்டு. விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களின் எல்லையிலுள்ள லாக் வியூ டெசேர்ட் என்னும் ஏரியில் 1919 இல் பிடிபட்ட 51 இறாத்தல் 3 அவுன்ஸ் எடையுள்ள மீனே இவ்வகையில் உலக சாதனையாக இன்றும் பதிவிலுள்ளது. எனினும் இன்று ஏரிகளிற் காணப்படுபவற்றுட் பெரும்பாலானவை அரச மீன்குஞ்சு பொரிப்பகங்களிலே மனிதக் கைகளால் உருவாக்கப்பட்டவை.

அவ்வாறு உருவாக்கப்படுவதற்குக் காரணங்கள் உள. கலப்பின மீன் விரைந்து வளர்கின்றது. பொதுவாக இனம்பெருக்க இயலாததாகவும் இருக்கின்றது. ஆகையால் ஓர் ஏரியில் எத்தனை மீன்கள் இருத்தல் வேண்டுமென்பதை மனிதரே தீர்மானிக்கலாம். குஞ்சு விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் அவ்வேரியில் அம்மீனே இல்லாது போய்விடும். வாஷிங்ரன் மாநிலத்தில் கௌலிற்ஸ் ஆற்றை மறித்து உருவாக்கப்பட்ட மேபீல்ட் நீர்த்தேக்கத்தில் 1988 இல் இம்மீன்கள் முதன்முறையாக விடப்பட்டன. தூண்டிற்காரரால் விரும்பப்படாத சில மீனினங்களின் தொகையைக் குறைத்தல் ஒரு நோக்கமாகவும், பெருமீன் பிடிக்கும் இன்பத்தை மக்களுக்கு அளித்தல் மற்றொரு நோக்கமாகவும் அமைந்தன. அம்மாநில விதிகளின்படி 50 அங்குலத்துக்குக் குறைந்த ரைகர் மஸ்கியை எவரும் எடுத்துச் செல்லலாகாது. அந்நீளத்தை எட்டும் மீன்கள் மிகச் சிலவே. ஆகவே பிடிபடும் மீன்களில் ஏறத்தாழ எல்லாமே சட்டப்படி விடுவிக்கப்பட வேண்டியவை. பிடிக்கப்படவும், விடப்படவும், மீண்டும் பிடிக்கப்படவுமே ஓருயிர் உண்டாக்கப்படுகின்றது என்பது இவ்விடத்து நோக்கற்பாலது.

விடுவித்தலைப் போற்றுவோர் தம் செயலுக்குச் சார்பாக மூன்று நியாயங்களைக் கூறுவர். முதலாவது, தாம் கொல்லவில்லை என்பது. இரண்டாவது, இயந்திரப் படகின்றி, நீர்மட்டத்துக்குச் சில அங்குல உயரத்தில் அமர்ந்து, மீன் இழுக்கும் திசையில் தோணியும் இழுபட, நேர்மையான போராட்டத்திலேயே மீனை வெல்கின்றனர் என்பது. மூன்றாவது, இவ்விளையாட்டு இல்லாதிருந்தால் அம்மீன் பிறந்தே இருக்காது என்பது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

முதலாவது நியாயம் கொல்லாமையை அறத்தின் முழு அளவாகக் கொள்கின்றது. தமிழ் அறநூல் மரபு இவ்வாறு கொள்ளவில்லை. வள்ளுவர் துறவறவியலிலே புலால் மறுத்தலுக்கு ஓரதிகாரமும், கொல்லாமைக்கு மற்றோரதிகாரமும் வகுத்தார். அவற்றோடு அமையாது, கொல்லாமைக்கு முன்னதாக இன்னா செய்யாமை என்பதையும் தனியோர் அதிகாரமாக வைத்தார். உயிரைப் போக்காதிருத்தல் வேறு, உயிருக்குத் துன்பம் இழையாதிருத்தல் வேறு என்னும் தெளிவு இவ்வைப்பு முறையிலேயே புலப்படுகின்றது. பிடித்து விடுபவர் கொல்லாமையைக் காத்தவராகலாம். இன்னா செய்யாமையைக் காத்தாரா என்னும் கேள்வி அப்படியே எஞ்சி நிற்கின்றது.

அக்கேள்விக்கு விடை காண மீனுக்கு நோவு உண்டோ என்பதை அறிதல் வேண்டும். ஒரு விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதைவிட அது துன்புறுமா என்பதே அறவியலுக்கு முக்கியமானது என 1789 இல் வெளியான தமது நூலில் ஜெரெமி பெந்தம் வாதிட்டார். 2003 இல் லின் ஸ்னெடன் என்பாரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும், வானவில் ட்ரவுற் என்னும் மீனின் முகத்திலே நோவூட்டும் தூண்டல்களை உணரும் நரம்புகள் உண்டெனக் காட்டினர். அம்மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையோ அசற்றிக் அமிலத்தையோ செலுத்தியபோது அவை உடலை அசைத்தாடின, இரையுண்ணக் காலந்தாழ்த்தின. அமிலம் பெற்றவை உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களிலே தேய்த்தன. மொர்பீன் கொடுத்தபோது இந்நடத்தைகள் குறைந்தன. இதற்கு மாறாக, நோவை நோவென உணர்வதற்கு வேண்டிய மூளைப் புறணி மீனிடம் இல்லை என்று ஜேம்ஸ் ரோஸ் 2002 இல் வாதிட்டிருந்தார். விவாதம் இன்னும் முற்றாக ஓயவில்லை.

விஞ்ஞானம் இறுதித் தீர்ப்பை வழங்கும்வரை அறம் காத்திருக்க முடியாது. புதரினுள் அசைவது மானா மனிதனா என்று ஐயுறும் வேடன் அம்பை எய்யாதிருப்பதே முறை. ஐயத்தின் பயன் எய்பவனுக்கன்று, எய்யப்படுவதற்கே உரியது. மேலும் தூண்டிற்காரரின் நடத்தையே இவ்விடத்தில் ஒரு சாட்சியாக நிற்கின்றது. இத்துறையிற் பொறுப்புள்ளோர் தூண்டில் முள்ளின் பின்னோக்கிய கூரை நசுக்கிவிடுகின்றனர். மீனின் தோலை உரசாத றப்பர் பூசிய வலையைப் பயன்படுத்துகின்றனர். நீண்ட குறடும், முள்ளை வெட்டியெடுக்கும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மீனை இயன்றவரை நீருக்குள் வைத்தே முள்ளை அகற்றுகின்றனர். நீரின் வெப்பநிலை 80 பாகை பரனைற்றை, அதாவது ஏறத்தாழ 27 பாகை செல்சியஸை, அணுகும் கோடை நாட்களில் தூண்டில் வீசுவதையே நிறுத்திவிடுகின்றனர். வெப்பமான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திச் சென்றபின்னும் இறந்துபோகலாம் என்பதை அவர்கள் அறிவர். ஒரு மரக்கட்டையிடம் எவரும் இத்துணை மென்மையாக நடந்துகொள்வதில்லை. தம் கையிலிருப்பது துன்புறக்கூடிய ஓருயிர் என்பதை அவர்களுடைய கைகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. வாதம் மட்டுமே ஏற்க மறுக்கின்றது.

இரண்டாவது நியாயம் போராட்டத்தின் நேர்மை பற்றியது. கயாக்கில் அமர்ந்து பெருமீனை எதிர்கொள்பவர் விசைப்படகில் நிற்பவரைவிடக் கூடிய இடரை ஏற்கின்றார் என்பது உண்மை. கூரிய பற்கள் நிறைந்த வாயையுடைய மீன் மடிக்கருகே துள்ளும்போது முள் அவர் கையிலேயே ஏறலாம். தோணி கவிழவும் கூடும். ஆயினும் நேர்மையான போட்டி என்பதற்கு இருவரும் போட்டியென அறிந்து இசைந்திருத்தல் வேண்டும். மல்லர் இருவர் களத்தில் இறங்கும்போது வெற்றியின் பொருளும் தோல்வியின் எல்லையும் இருவருக்கும் தெரியும். மீனுக்கோ இது விளையாட்டென்பது தெரியாது. இறுதியில் விடப்படுவோம் என்ற அறிவும் அதற்கில்லை. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் பத்து நிமிட விளையாட்டாகத் தோன்றுவது, நூலின் மறுமுனையில் உள்ளதற்கு உயிருக்கான முழுப் போராட்டமாகும். ஒருவர் இடரைத் தாமே தேர்ந்துகொண்டார், மற்றையது இடருக்குள் இழுக்கப்பட்டது. தோணி சிறிதாவதால் இந்த வேறுபாடு சிறிதாவதில்லை.

இத்தொடர்பில் கயாக்கின் வரலாறே சிந்தனைக்குரியது. அது ஆர்க்டிக் கரையோரங்களில் வாழும் இனுயிற், அலியூற் முதலிய மக்களின் படைப்பு. மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டமிட்டு, அதன்மீது கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் அதனை ஆக்கினர். பயிர் விளையாத பனிநிலத்தில் கடல்நாயின் இறைச்சி உணவாகவும், கொழுப்பு விளக்காகவும், தோல் உடையாகவும் அமைந்தன. அந்த வேட்டைக்காரர் கொன்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொல்லப்பட்ட கடல்நாயின் வாயில் நன்னீர் வார்க்கும் வழக்கம் இனுயிற் மக்களிடையே இருந்தது. உப்பு நீரில் வாழ்ந்த உயிர் தாகமாயிருக்கும், அதன் ஆன்மாவை மதித்தல் வேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. இன்று அதே வடிவிலான தோணி பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்டு ஏரிகளில் மிதக்கின்றது. முன்னவர் தேவைக்காக உயிரை எடுத்து, எடுத்ததற்கு ஒரு கடமை உண்டென உணர்ந்தார். பின்னவர் தேவையின்றிப் பிடித்து, விட்டதனால் கடமை யாவும் தீர்ந்ததென எண்ணுகின்றார். இவ்விருவருள் எவர் அவ்வுயிரை மிகுதியாக மதித்தார் என்பது எளிதில் விடை கூறத்தக்க கேள்வியன்று.

ஸ்பானிய மெய்யியலாளர் ஹோசே ஓர்த்தேகா இ கசெத் வேட்டை பற்றி 1942 இல் எழுதியபோது, சாவின் சாத்தியம் நீக்கப்பட்ட வேட்டை போலியானது என்னும் கருத்தினராய், துப்பாக்கிக்குப் பதிலாகப் புகைப்படக் கருவியை ஏந்துவதையும் ஏளனத்தோடு நோக்கினார். அவர் கருத்து முற்றாக ஏற்கத்தக்கதன்று. போலியாகிவிடக்கூடாதென்பதற்காக ஓருயிரைக் கொல்லல் வேண்டுமென்பது விபரீதமான முடிபு. ஆயினும் அவர் தொட்ட இடம் உண்மையானது. கொலையின் பாரம் இல்லாது வேட்டையின் கிளர்ச்சியை மட்டும் பெற விரும்புவோர் எதையோ விலை கொடாது பெற முயல்கின்றனர். அவ்விலையை உண்மையில் வேறொன்று கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

மூன்றாவது நியாயமே மிக நுண்மையானது. தூண்டிற்காரரின் விருப்பத்தினாலன்றோ இம்மீன் உண்டாக்கப்பட்டது? பிறவாதிருப்பதிலும் பிறந்து சில வேளைகளில் முள்ளில் அகப்படுதல் நன்றல்லவா? இத்தகைய வாதம் பழையது. 1896 இல் லெஸ்லி ஸ்ரீபன் என்னும் ஆங்கில அறிஞர், பன்றியிறைச்சிக்கு மக்களிடையே தேவை இருத்தலில் பன்றிக்கே மிகுந்த அக்கறை இருத்தல் வேண்டுமென்ற பொருளில் எழுதினார். அத்தேவை இல்லையேல் பன்றிகளும் இல்லை என்பது அவர் கருத்து. ஹென்றி சோல்ற் இதனை மறுத்து, இருப்பையும் இன்மையையும் ஒப்பிட ஒருவர் முதலில் இருந்தாக வேண்டும் எனக் காட்டினார். இல்லாத ஒன்றுக்கு எவரும் நன்மை செய்ய முடியாது. பிறப்பித்ததை நன்கொடையாகக் கணக்கிட்டுப் பிறந்தபின் துன்புறுத்த உரிமை கோருவது கணக்குப் பிழை என்பது அவர் மறுப்பின் சாரம்.

இம்மறுப்பை ரைகர் மஸ்கிக்குப் பொருத்தும்போது மேலும் ஒன்று தெளிவாகின்றது. உண்டாக்கியவருக்கு உரிமை மிகுவதில்லை, பொறுப்பே மிகுகின்றது. தந்தை மகனைப் பெற்றதனாலேயே அவனை அடிமைகொள்ள உரிமையுடையவராவதில்லை. ஊட்டவும் காக்கவும் கடமைப்பட்டவராகின்றார். காட்டு மீனுக்கு மனிதர் கடன்பட்டது, அதன் போக்கில் அதனை விடுவது மட்டுமே. தாமே கலந்து உருவாக்கி, சந்ததியற்றதாக்கி, தாம் தேர்ந்த ஏரியில் விட்ட மீனுக்கோ அவர்கள் அதனினும் கூடிய கடன் பட்டவராவர். அதற்குச் சந்ததி இல்லை. இனத்தின் தொடர்ச்சி என்னும் ஆறுதலும் இல்லை. அதற்குரியது இந்த ஒரு வாழ்வே. அதனை விளையாட்டுக் கருவியாக மட்டும் நோக்குதல் உண்டாக்கியவரின் பொறுப்பை மறப்பதாகும்.

இவ்வாறாயின் விடுவித்தலைச் சட்டத்தினால் தடுத்தல் வேண்டுமா? ஐரோப்பாவில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. ஜேர்மனியில் 1972 இல் இயற்றப்பட்ட விலங்குப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான காரணமின்றி விலங்குக்கு நோவோ துன்பமோ இழைத்தலாகாது என்கின்றது. சுவிற்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, மீண்டும் விடும் நோக்கத்தோடு தூண்டிலிடுவதையே தடை செய்கின்றது. உணவுக்காகப் பிடிப்பவர் அங்கே குற்றவாளியல்லர். விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவரே சட்டத்தை மீறியவராகின்றார். பொதுமக்களின் இயல்பான உணர்வை இது தலைகீழாக்குகின்றது. கொல்பவரை அனுமதித்து விடுபவரைத் தண்டிப்பது விந்தையல்லவா என்று பலரும் கேட்பர்.

இம்முரண்பாடு தீர்வதற்கு இரு கணங்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். தூண்டில் வீசப்படுவதற்கு முந்திய கணம் ஒன்று. மீன் முள்ளில் அகப்பட்டபின் உள்ள கணம் மற்றொன்று. முந்திய கணத்தில் கேள்வி, “என் இன்பத்துக்காக இத்துன்பத்தை நிகழ்த்தலாமா?” என்பது. பிந்திய கணத்தில் கேள்வி, “நிகழ்த்தப்பட்டுவிட்ட துன்பத்தை எவ்வாறு குறைக்கலாம்?” என்பது. இரண்டாவது கேள்விக்கு விடுவித்தலே பெரும்பாலும் சரியான விடை. அகப்பட்ட மீனின் நிலையில் நின்று நோக்கினால் சாவினும் விடுதலை நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு அளிக்கப்பட்ட நல்ல விடை முதலாவது கேள்விக்கும் விடையாகிவிடாது. சுவிஸ் சட்டம் முதலாவது கணத்தை நோக்கி நோக்கத்தை எடைபோடுகின்றது. ஏரியில் நிற்கும் தூண்டிற்காரர் இரண்டாவது கணத்தை மட்டும் நினைந்து தம்மைக் கருணையாளராகக் காண்கின்றார். இரண்டு கணங்களும் ஒன்றெனக் கொள்ளப்படுவதாலேயே குழப்பம் நேர்கின்றது.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு எடைபோடுதல் முறையாகும். தூண்டிற் கருவிகளின்மீது விதிக்கப்படும் தீர்வையை மீன்வளப் பாதுகாப்புக்கெனப் பகிர்ந்தளிக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1950 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரக் கட்டணங்களும் அவ்வாறே பயன்படுகின்றன. ஏரி அசுத்தமாகும்போது முதலிற் குரலெழுப்புவோர் வரிசையிலே தூண்டிற்காரரும் நிற்கின்றனர். விடியற்காலையில் நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் நாணற் கரையின் நிழலையும் மணிக்கணக்காகக் கவனித்திருப்பவர், ஏரியைத் தூரத்தே கண்டு கடந்து செல்பவரைவிட அதனை நேசிக்கக் கற்றுக்கொள்கின்றார். விலங்கிடம் கொடுமை காட்டுபவன் மனிதரிடமும் கொடியவனாவான் என இம்மனுவேல் கான்ற் கூறிய கருத்தைத் திருப்பி நோக்கினால், மீனிடம் மென்மை பழகிய கை மனிதரிடமும் மென்மையாகலாம் என்றும் வாதிக்க இடமுண்டு. இந்நன்மைகள் மெய்யானவை. எனினும் நேசத்தையும் பொறுமையையும் கற்பவர் மனிதர், அக்கல்விக்குக் கட்டணம் செலுத்துவது மீன் என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஆகவே விடுவித்தலுக்கு அதற்குரிய சரியான பெயரைச் சூட்டுதல் வேண்டும். பிறர் இழைத்த துன்பத்தை நீக்குபவர் கருணையாளர். தாமே இழைத்த துன்பத்தைத் தாமே நிறுத்துபவர் கடனைத் தீர்ப்பவர். ஒருவர் பொருளைக் கேளாது எடுத்து, சில நாழிகை பயன்படுத்தி, பழுதின்றித் திருப்பி வைப்பவரை எவரும் கொடையாளி என அழைப்பதில்லை. திருப்பி வைத்தது நல்லதே. வையாதிருந்தால் குற்றம் பெரிதாகியிருக்கும். ஆயினும் எடுத்ததற்கான காரணத்தை அவர் இன்னும் கூறியாக வேண்டும்.

இத்தெளிவு நடைமுறையிற் பயனற்றதன்று. விடுவித்தலைக் கருணையென நம்புபவர் எத்தனை மீன்களை விடுகின்றாரோ அத்தனை நன்மை செய்ததாகக் கணக்கிடுவார். ஆதலால் மேலும் மேலும் வீசுவார். அதனைக் கடனென உணர்பவரோ கடன் படும் தடவைகளைக் குறைக்க முயல்வார். வெப்பமான நாளில் ஏரிக்குச் செல்லார். புகைப்படத்துக்காக மீனை நீருக்கு மேலே தூக்கி வைத்திரார். ஒன்று அகப்பட்டபின் இன்னொன்றைத் தேடாது துடுப்பைத் திருப்புவார். சிலவேளை தூண்டிற் கோலைக் கரையிலேயே வைத்துவிட்டு, மீன் நீரினுள் நகர்வதைக் காண்பதற்கு மட்டும் தோணியில் ஏறுவார். கயாக்கும் ஏரியும் விடியற்பொழுதும் அப்போதும் அவருக்கு உரியனவாகவே இருக்கும்.

பிடித்த மீனை விடுதல் விடாதிருத்தலினும் நன்று. பிடிக்க வேண்டிய தேவை உண்டா என்று வீசுமுன் வினவுதல் அதனினும் நன்று. அவ்வினாவைத் தம்மிடமே கேட்டு நேர்மையோடு விடை கூறுபவரே, மீனை விட்டாலும் விடாவிட்டாலும், அறத்தின் வழியில் நிற்பவர் எனலாம்.